அண்ணாச்சி நிறுத்திய இடம்

குற்றாலத்து அருவியில் குளித்துவிட்டு வந்த எட்டு வயது மகள், ஈரத்துண்டை நாற்காலியில் எறிந்துவிட்டு டிவியில் அந்தக்கால பிரான்ஸ் தொடர் ஒன்றைப் போட்டாள். ஆடு மேய்த்த பெண் கவசம் அணிந்து படை நடத்தும் கதை.

துண்டின் ஈரவாடை என்னை மேலகரத்து வீடியோ கொட்டகைக்குக் கொண்டுபோனது. இப்போது அங்கே சுற்றுலா வேன்கள் நிற்கின்றன. சாரல் நாட்களில் அருவியிலிருந்து நேராக வந்து, தலை சொட்டச் சொட்ட, தகரக் கூரையில் தூறல் இரைய, சிறுமிகள் நாங்கள் கோரைப்பாயில் நெருங்கி உட்கார்ந்து, பாஷை புரியாமலே இதே பெண்ணின் படத்தை எத்தனையோ முறை பார்த்திருக்கிறோம். ராஜாவுக்கு முடிசூட்டி மணிகள் முழங்கியதும் கொட்டகைக்கார அண்ணாச்சி கேசட்டை நிறுத்திவிடுவார்.

"முடிஞ்சிட்டு, எந்திரிங்கட்டி."

அவள் ஊருக்குத் திரும்பி மறுபடி ஆடு மேய்ப்பாள் என்று பேசிக்கொண்டே வீட்டுக்கு நடப்போம்.

ஒன்பதாம் வகுப்பில் வரலாற்று டீச்சர் மிச்சக் கதையைச் சொன்ன அன்று, நேராகப் போய்க் கேட்டேன்.

"அண்ணாச்சி, அவள உயிரோட எரிச்சிட்டாங்களாமே?"

கேசட்டைத் துடைத்துக்கொண்டிருந்தவர் நிமிரவில்லை.

"நம்ம கொட்டகையில எரிக்கலல்லா."

டிவியில் ராஜாவுக்கு முடிசூட்டினார்கள். மணிகள் முழங்கின. நான் ரிமோட்டை எடுத்து அணைத்தேன்.

"முடிஞ்சிட்டுட்டி. அந்தத் துண்டக் காயப் போடு."