மணல் போட்ட கை

கடலூர் முதுநகர் ஜங்ஷனில் தங்கராசு முப்பத்திரண்டு வருஷம் பார்த்த வேலையை இரண்டே வார்த்தையில் சொல்லிவிடலாம்: மணல் போட்டார். ரயில் எஞ்சினில் மணலுக்கென்று ஒரு பெட்டி உண்டு. மழையிலோ ஏற்றத்திலோ சக்கரம் வழுக்கினால் டிரைவர் அதிலிருந்து தண்டவாளத்தில் மணலை விடுவார், சக்கரம் பிடித்துக்கொள்ளும். அந்த மணலைச் சலித்து, வறுத்து, பொட்டு ஈரமில்லாமல் நிரப்புகிற கலாசி அவர். சின்ன வேலைதான். அவரிடம் அதைச் சொல்லிவிட முடியாது. "நான் போடலன்னா மெயிலே நவுராது" என்பார், என்னவோ மெயிலை அவரே தோளில் தூக்கிக்கொண்டு போனமாதிரி.

ஒரே மகள் எழிலரசி. பேச்சு வரவில்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பமாட்டாள், எஞ்சின் சத்தம் கேட்டால் திரும்புவாள். சாயங்காலம் ரயில்வே கேட்டுக்குக் கூட்டிப்போய் ஒரு வண்டியைக் காட்டிவிட்டால் போதும், அன்றைக்குச் சோறு இறங்கும், தூக்கம் வரும். 2006 கடைசியில், அகலப் பாதை போடுகிறோம் என்று வண்டிகளை நிறுத்தினார்கள். ஊர் பஸ்ஸில் ஏறிப் போய்விட்டது. எழிலரசி மட்டும் வராத வண்டிக்காக நின்றாள். வீட்டுக்கு இழுத்துவந்தால் சுவரில் தலையை முட்டினாள்.

டாக்டர் மாத்திரை கொடுத்தார். வழி கண்டுபிடித்தது தங்கராசுவின் மனைவி விருத்தாம்பாள். கல்யாணத்துக்கு முன்னால் சிதம்பரத்தில் ஒரு பேராசிரியர் வீட்டில் சமையல் வேலை பார்த்தவள் அவள். அந்த வீட்டில் கரண்டில் ஓடுகிற ஒரு பொம்மை ரயில் இருந்தது ஞாபகம் வந்தது. பேராசிரியர் அமெரிக்காவில் மகனோடு இருக்கப் போகிறார் என்று கேள்விப்பட்டதும் ஓடிப்போய், வெட்கப்படாமல் கேட்டு வாங்கிவந்தாள். ஒரு பலகை, அதில் வட்டப் பாதை, பாலம் ஏறுகிற ஒரு மேடு, வெளிநாட்டு எஞ்சின் ஒன்று, பெட்டிகள் நாலு. எழிலரசி பலகையில் கன்னத்தை வைத்துப் படுத்து, கண்ணுக்கு நேரே சக்கரம் சுற்றுவதைப் பார்த்தாள். முட்டுவது அன்றோடு நின்றது.

2009இல் விருத்தாம்பாள் மஞ்சள் காமாலையில் போய்ச் சேர்ந்தாள். கடைசியாகச் சொன்னது, "ரயில நிறுத்திடாதீங்க." மறுவருஷம் ஊருக்குப் பெரிய வண்டி திரும்பவும் வந்தது. தங்கராசு ஆசையாக மகளைக் கேட்டுக்குக் கூட்டிப்போனார். சத்தம் வேறாக இருந்தது. காதைப் பொத்திக்கொண்டு வீட்டுக்கு நடந்துவிட்டாள். இனி இந்தப் பலகைதான் என்று ஆயிற்று.

2011 ஆடியில் எஞ்சின் பாலத்து ஏற்றத்தில் நின்ற இடத்திலேயே சுற்ற ஆரம்பித்தது. ஒரு பெட்டியைக் கழற்றினால் ஏறியது. ஆனால் நாலு பெட்டி நாலாகவே இருக்கவேண்டும் எழிலரசிக்கு. கழற்றிய பெட்டியை எடுத்துவந்து அவர் கையில் திணித்தாள்.

தங்கராசுவுக்கு உள்ளுக்குள் சிரிப்பே வந்தது. "சக்கரம் வழுக்குதா? அப்பன்கிட்டயேவா?" கெடிலம் ஆற்று மணல் ஒரு பிடி எடுத்துவந்து, மூன்று தடவை சலித்து, வாணலியில் வறுத்து, ஆறவைத்து, கோலம் போடுகிற மாதிரி விரலால் தண்டவாளத்தில் தூவினார். எஞ்சின் ஏறியது! இரண்டு சுற்று நாலு பெட்டியோடும் ஏறியது. மூன்றாவது சுற்றில் 'கறக்' என்றது. கருகல் வாசனை வந்தது. நின்றுவிட்டது.

அன்றைக்கு எழிலரசி முட்டிய முட்டில் நெற்றி பிளந்தது. கட்டிப் பிடித்தவரின் மணிக்கட்டைக் கடித்தாள். கையை இழுத்துக்கொள்ளாமல் கொடுத்தபடி உட்கார்ந்திருந்தார். தெரிந்த ஒரே வித்தையும் கெடுத்துவிட்டதே என்று அழுதார்.

மறுநாள் பக்கத்து வீட்டுப் புஷ்பவள்ளியிடம் மகளை விட்டுவிட்டு, எஞ்சினைத் துண்டில் சுற்றிக்கொண்டு சிதம்பரத்துக்குப் பஸ் ஏறினார். கீழ சன்னதித் தெருவில் கடிகாரம் பழுதுபார்க்கிற சுப்புராயன், எஞ்சினின் வயிற்றைத் திறந்து செய்தித்தாளில் தட்டினார். மணல் கொட்டியது.

"யாருண்ணே இதுல மணல் போட்டது?"

"வீட்ல சின்னப் புள்ளைங்க" என்றார் தங்கராசு, வாய் கூசாமல். துண்டை மடித்துக்கொண்டே, "நான்தான் தம்பி. ரயில்வேல அதான் என் வேலை" என்றார்.

சுப்புராயன் சிரிக்கவில்லை. பின் சக்கரம் இரண்டையும் காட்டினார். "இந்தப் பள்ளத்துல ரப்பர் வளையம் இருக்கணும்ணே. அதான் தண்டவாளத்தப் புடிக்கும். தேஞ்சு நூலாப் போயிருக்கு பாருங்க. அத மாத்தியிருந்தா போதும். மணலுக்கு இங்க வேலையே இல்ல."

பல்சக்கரங்களைக் கழுவி ஓடவைத்தார். வளையத்துக்கு மெட்ராஸில் ஒருவருக்குச் சொல்லிவிட்டு, அதுவரைக்கும் சைக்கிள் வால்டியூப்பை வெட்டி இழுத்து மாட்டினார். தடிமன் ஜாஸ்தி. எஞ்சின் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு, டக் டக்கென்று நொண்டி ஏறியது. வீட்டில் எழிலரசி அந்த டக்கைக் கேட்டாள். எழுந்து போய்ச் சுவரோரம் உட்கார்ந்துகொண்டாள். நாலாம் நாள் ரப்பரும் வெடித்தது. வளையம் வர மூன்று வாரம் ஆயிற்று. அந்த மூன்று வாரம் எப்படிப் போனது என்று அவரிடம் யாரும் கேட்காமல் இருப்பது நல்லது.

வளையம் வந்திருக்கிறதென்று போன் வந்ததும், மகளைப் புஷ்பவள்ளியிடம் விட்டுவிட்டு, எஞ்சினோடு மறுபடி சிதம்பரம் போனார். கண்ணாடிக் காகிதப் பையில் பத்து வளையங்கள், கருவேப்பிலைக் காம்பு கனம்கூட இல்லை. சுப்புராயன் மாட்டக் கற்றுக்கொடுத்தார். பழையதை ஊசியால் நெம்பி எடுக்கவேண்டும். பள்ளத்து அழுக்கை ஸ்பிரிட்டில் துடைக்கவேண்டும். புதியது முறுக்கிக்கொள்ளாமல் உட்காரவேண்டும். எண்ணெய் படவே கூடாது. தங்கராசு மாட்டியபோது மூன்று தடவை வளையம் தெறித்து விழுந்தது. நாலாவது தடவை உட்கார்ந்தது.

"ஒரு ஜோடி நாலு வருஷம் ஓடும்ணே" என்றார் சுப்புராயன் சந்தோஷமாக. "அஞ்சு ஜோடி இருக்கு. இன்னும் இருவது வருஷத்துக்குக் கவலையே இல்ல."

கடைப்படி இறங்கும்போது தங்கராசு கணக்குப் போட்டார். அவருக்கு அறுபத்தொன்று. மகளுக்கு இருபத்திநாலு.

வீட்டு வாசலில் புஷ்பவள்ளி நின்றிருந்தாள். முன்கையில் பல் பதிந்து ரத்தம் கட்டியிருந்தது. "கோச்சிக்காதீங்க மாமா. அரை நாளுக்கே முடியல. இனிமே என்னால ஆவாது" என்றாள். அவள் கண்ணும் கலங்கியிருந்தது. அவளைக் குறைசொல்ல என்ன இருக்கிறது? பெற்றவருக்கே முடியவில்லை.

எஞ்சினைப் பலகையில் வைத்தார். நாலு பெட்டியோடு, சத்தம் மாறாமல், வழுக்காமல் பாலம் ஏறியது. எழிலரசி சுவரோரத்திலிருந்து எழுந்துவந்து கன்னத்தைப் பலகையில் வைத்தாள். ஒரு வளையத்தை எடுத்து அவள் விரலில் கொடுத்து, சக்கரத்தைக் காட்டினார். "இங்க பாரும்மா. இத இப்படி மாட்டணும்." அவள் வளையத்தைக் கீழே நழுவவிட்டுவிட்டு ரயிலையே பார்த்தாள்.

கீழே விழுந்ததைப் பொறுக்கி, மிச்சம் இருந்த எட்டையும் ஊசியோடு ஒரு டப்பாவில் போட்டார். தனக்குப் பிறகு இந்த வீட்டுக்கு வருகிறவர் கண்ணில் படுகிற மாதிரி வைக்கவேண்டும் என்று நினைத்தார். அலமாரியில் வைத்தார். எடுத்து சாமி படத்தடியில் வைத்தார். அங்கிருந்தும் எடுத்தார். யார் வருவார்கள் என்று தெரிந்தால்தானே எங்கே வைப்பது என்று தெரியும். டப்பாவைக் கையில் பிடித்தபடி, ரயில் இருபது முப்பது சுற்று சுற்றுகிறவரை நடுவீட்டிலேயே நின்றார்.