ஆறாம் நாள் தலைக்கணக்கு

ஆரியசாலைக்குப் பின்னால், மலையாளப் பிரிவோடு தமிழ்ப் பிரிவும் உள்ள ஒரு சின்ன அரசுத் தொடக்கப்பள்ளி. அங்கே மதியச் சோறு பொங்குகிறவர் ரத்னாபாய் அக்கா. நான் அவருக்குக் காய் நறுக்கிக் கொடுக்கிறவள்.

தென்காசிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்தவர் அக்கா. வீட்டுக்காரர் கடைத்தெருவில் மூட்டை தூக்குகிறார். ஒரே மகள் அஞ்சு, தமிழ்ப் பிரிவில் மூன்றாம் வகுப்பு. ஒன்றாம் வகுப்பு முடிந்தும் அவளுக்கு எழுத்துக்கூட்டத் தெரியவில்லை. அப்போது நான்கு வகுப்புக்கும் ஒரே டீச்சர். போன வருடம் இரண்டாவதாக அஜிதா டீச்சர் வந்த பிறகுதான் அஞ்சு வாசித்தாள். முதலில் வாசித்தது அடுக்களைச் சுவரில் ஒட்டியிருந்த தாளை. "அடுப்பை அணைக்கவும்" என்று அவள் சத்தமாக வாசித்ததும் அக்கா உண்மையிலேயே அணைத்துவிட்டார். அன்று சோறு அரைவேக்காடு.

அஜிதா டீச்சர் இந்த வருடமும் இருக்க வேண்டுமானால் தமிழ்ப் பிரிவில் முப்பத்தொரு பிள்ளைகள் வேண்டும். பள்ளி திறந்த ஆறாவது வேலை நாளில் தலை எண்ணுவார்கள். அதைப் பார்த்துத்தான் அரசு இரண்டாவது டீச்சருக்குச் சம்பளம் தரும்.

மே மாதம் முழுக்க அக்கா பிள்ளை சேர்க்க லைன் வீடுகளில் ஏறி இறங்கினார். நானும் கூடவே நின்றேன். பேச்செல்லாம் அவருடையது. முப்பத்திரண்டு பேர் சேர்ந்தார்கள்.

திங்கட்கிழமை பள்ளி திறந்தது. புதன்கிழமை, கொத்தனார் செல்வகணேஷ் தன் இரண்டு பிள்ளைகளோடு வந்து நின்றார்.

"எக்கா, ஊர்ல அம்மன் கொடைத் திருவிழா. போகலைன்னா அம்மன் கண்ணக் குத்திப்புடுவா."

"போயிட்டு வாடே. எண்ணுறது அடுத்த திங்கக்கிழமையாக்கும். ஞாயித்துக்கிழமை வரலைன்னா அம்மனுக்கு முந்தி நான் குத்துவேன், கேட்டியா?"

நானும் விரல் மடக்கி வேலை நாட்களை எண்ணினேன். சரியாகத்தான் வந்தது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் தலைமையாசிரியை ஸ்மிதா டீச்சர் அடுக்களை வாசலில் வந்து நின்றார்.

"ரத்னாபாய் சேச்சி, நாளை சனியும் வேலை நாளாணு. இப்பத்தான் ஓர்டர் வந்நது. நாளைக்கே எண்ணணும்."

அக்கா ஈரக்கையோடு போனை எடுத்தார். மேளச் சத்தத்தில் செல்வகணேஷுக்கு ஒன்றும் கேட்கவில்லை. நாலாவது தடவைதான் கேட்டது.

"எக்கா, காப்புக் கட்டியாச்சே. கொடை முடிஞ்சு அறுக்காம ஊர் எல்லை தாண்டக் கூடாதுல்லா?"

"பிள்ளைகளையாவது யாரு கூடயாவது அனுப்புடே!"

"அதுகளுக்கும் கட்டியிருக்கு எக்கா."

சனிக்கிழமை முப்பது தலைகள்தான் இருந்தன.

"நாள் தப்பாச் சொன்னது நான் டீச்சர். திங்கக்கிழமை ரெண்டையும் நானே கொண்டுவந்து நிறுத்துறேன்" என்றார் அக்கா.

"எனக்கு மனசிலாயி சேச்சி. கம்ப்யூட்டர்ல ஏத்தினா பின்ன மாத்தான் பற்றில்லா, மாத்தவே முடியாது. ஞான் என்ன செய்ய?"

அவர் கண்ணும் கலங்கித்தான் இருந்தது.

திங்கட்கிழமை இரண்டு பிள்ளைகளும் நெற்றி நிறையத் திருநீறோடு வந்தார்கள். அக்கா அவர்களைத் திட்டவில்லை. ஆளுக்கொரு முட்டை வைத்தார்.

மாதக் கடைசியில் அஜிதா டீச்சர் போய்விட்டார். இப்போது நான்கு வகுப்பும் ஒரே அறையில். அஞ்சு ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளோடு சேர்ந்து "அ, ஆ" சொல்வது அடுக்களை வரைக்கும் கேட்கிறது. அக்கா அந்தப் பக்கம் பார்ப்பதில்லை.

தமிழ்ப் பிரிவுத் தட்டுகளைக் கழுவி அடுக்கும்போது தினமும் என்னிடம் கேட்கிறார்.

"எண்ணிப் பாரு, முப்பத்திரண்டு இருக்கா?"

"இருக்கு எக்கா."