ஞாயிற்றுக்கிழமை குளுக்கோஸ்

1. டப்பா

எங்கள் ஜிம்முக்கு ‘லோ ஜிஐ’ பவுடர் வந்த முதல் நாளே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஜிம் தங்கச் சுரங்க ஊரான எங்கள் பாலகாட்டில், பெங்களூருக்கு ரயில் தூரத்தில் இருக்கிறது. நான் அங்கே சீனியர் கோச். ஓடுகிறவர்களைத் தயார் செய்வது என் வேலை. முதலாளி பிரவீன் பெங்களூரில் ஏதோ ஒரு வாரக்கடைசி கோர்ஸ் முடித்து சர்டிபிகேட்டோடு வந்தார். வந்ததும் கவுண்டர் மேல் டப்பாக்களை அடுக்கினார்.

“மேடம், இனிமே எல்லாருக்கும் இதான். ஒர்க்அவுட்டுக்கு முன்னாடி, நடுவுல, அப்புறம், எல்லாத்துக்கும். சுகர் ஸ்பைக்கே ஆகாது.”

“நடுவுலயுமா? தொடர்ந்து ஓடறவனுக்கு அப்போ சுகர் சட்டுனு ஏறணும் சார்.”

“அதெல்லாம் ஓல்டு ஸ்டைல் மேடம். சைன்ஸ் மாறிடுச்சு.”

சைன்ஸ் ஒரு மண்ணும் மாறவில்லை. லோ ஜிஐ பானம் என்றால் அது ரத்தத்தில் சர்க்கரையை மெதுவாக ஏற்றும், அவ்வளவுதான். ஓடுவதற்குக் கொஞ்ச நேரம் முன்னால் குடிக்க நல்லது. அதற்கு டப்பா எதற்கு? சர்க்கரை போடாத பால் போதும். இதில் வெல்லம் கரைத்த ராகி மால்ட்டை ‘நேச்சுரல்’ என்று லோ ஜிஐ கணக்கில் சேர்க்கிற மேதாவிகள் வேறு. வெல்லமும் சர்க்கரையும் ஒரே கரும்புதானே ஐயா, ரத்தத்துக்கு நிறமா தெரியும்?

2. ஆறாவது ரவுண்டு

சூசைராஜுக்கு வீடு மாரிகுப்பத்தில். தினமும் ரயிலேறி பெங்களூருக்கு வேலைக்குப் போகிறவர். நாற்பத்தைந்து வயது, சர்க்கரை வியாதி, இன்சுலின் ஊசி. அப்படியும் பெங்களூரில் ஒரு ஹாஃப் மாரத்தான் ஓடியே தீருவது என்று பேர் கொடுத்திருந்தார். டாக்டர் சரி என்ற பிறகுதான் நான் சேர்த்தேன். ஓடும் முன் சுகர் பார்க்கணும், பாக்கெட்டில் குளுக்கோஸ் இருக்கணும் என்று தலைபாடாய் அடித்துக்கொண்டேன். அவரோ பிரவீன் பேச்சைக் கேட்டு டப்பாவுக்கு மாறிவிட்டார்.

ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தில் ஒரு ஞாயிறு, மைசூர் மைன்ஸ் கிரவுண்டில் நீண்ட ஓட்டம். நான் வருவதற்குள் அவர் ஆரம்பித்துவிட்டார். ஆறாவது ரவுண்டில் பொத்தென்று உட்கார்ந்தார். வேர்வை ஊற்றுகிறது, கை நடுங்குகிறது, பேச்சு குழறுகிறது. பையிலிருந்த மீட்டரை எடுத்து விரலைக் குத்தினேன். ஐம்பத்தெட்டு. எழுபதுக்குக் கீழே போனாலே ஆபத்து.

அங்கேயே வாக்கிங் வந்திருந்த அவர் மனைவி பிலோமினா ஓடி வந்தார்.

“ஊசி போட்டாரா?”

“போட்டுகினாரு மேடம். ஓடிட்டு சர்ச் பூசைக்குப் போவணும்னு ஒண்ணும் துன்னல. அந்த டப்பா தண்ணிதான் ரெண்டு மொணறு குடிச்சாரு.”

என்னிடமிருந்த குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்து வாயருகே கொண்டுபோனேன். தட்டிவிட்டார்.

“வே… வேணாம் மேடம். வேண்டுதல். ஈஸ்டர் வரைக்கும் சக்கர தொட மாட்டேன்.”

ஐயோ கடவுளே! நம்ம ஊரில் தவக்காலத்துக்குக் கறியை விடுவார்கள், பீடியை விடுவார்கள். இந்த மனுஷன் சுகர் கட்டுக்குள் வரணும் என்று வேண்டிக்கொண்டு சர்க்கரையை விட்டிருக்கிறார். அவருடைய குளுக்கோஸ் பாக்கெட்டும் வீட்டிலேயே கிடக்கிறது.

அந்த நேரம் பார்த்து பிரவீன் ஷேக்கரைக் குலுக்கிக்கொண்டு வந்தார். “பேனிக் ஆகாதீங்க மேடம். நம்ம டிரிங்க் குடுக்கலாம். ஸ்டெடியா ஏத்தும்.”

“ஸ்டெடியா ஏத்தறதுக்குள்ள ஆளே போயிடுவான்! தள்ளுய்யா அப்பால!” முதலாளி என்றெல்லாம் பார்க்கவில்லை.

பிலோமினா அழ ஆரம்பித்தார். “ரெண்டு பொம்பளப் புள்ளைங்க கீதுங்க மேடம்.” சூசைராஜ் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றவும் முடியாது.

நான் புராட்டஸ்டன்ட். ஆனாலும் பக்கத்து வீட்டுக் கத்தோலிக்கர்கள் இருக்கும் ஒருசந்தி விரதம் எனக்குத் தெரியாதா? அவர் தோளைப் பிடித்து உலுக்கினேன்.

“யோவ் சூசை! இன்னிக்கு இன்னா கெழம?”

“ஞா… ஞாயிறு.”

“ஞாயித்துக்கெழம ஒருசந்தி உண்டா? அந்த நாப்பது நாள்ல ஞாயிறு சேராதுய்யா. உன் பொண்டாட்டியக் கேளு.”

அவர் பிலோமினாவைப் பார்த்தார். “ஆமாங்க, ஞாயிறு கணக்குல வராது. குடிங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போவும்.” சூசைராஜ் வாயைத் திறந்தார்.

கால் மணி கழித்து மறுபடி விரலைக் குத்தினேன். ஏறியிருந்தது. ரெண்டு பிரெட் சாப்பிட வைத்து டாக்டரிடம் கூட்டிப் போனோம். ஓடுகிற நாளைக்கு எவ்வளவு ஊசி, என்ன சாப்பாடு என்று அவர் மாற்றி எழுதிக் கொடுத்தார்.

3. ஸ்டேட்டஸ்

மத்தியானம் பிரவீனின் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸைப் பார்த்தேன். சூசைராஜ் கிரவுண்டில் உட்கார்ந்திருக்கிற படம், பக்கத்தில் டப்பா, கீழே ‘சேஃப் ரிகவரி வித் லோ ஜிஐ’. வெட்கம் மானம் எதுவும் கிடையாதா? போன் போட்டு, “நீங்க எடுக்கறீங்களா, இல்ல நடந்தத நான் என் ஸ்டேட்டஸ்ல போடட்டுமா?” என்றேன். எடுத்துவிட்டார். டப்பாக்கள் மட்டும் கவுண்டரிலேயே இருக்கின்றன.

செவ்வாய்க்கிழமை சூசைராஜ் வந்தார். நான் கேட்பதற்கு முன்பே பாக்கெட்டிலிருந்து குளுக்கோஸை எடுத்துக் காட்டினார்.

“ஃபாதர் வறுத்து எடுத்துட்டாரு மேடம். அது மருந்து, வேண்டுதல்ல சேராது, வேற எதனா வுடுன்னுட்டாரு.”

“இன்னாத்த வுட்டீங்க?”

“ஜிம்காரர் ஸ்டேட்டஸ் பாக்கறத.”

சிரித்தேன். ஆனால் வீட்டுக்குப் போன பிறகு சிரிப்பு வரவில்லை. எதைக் குடிப்பது என்பதை விட எப்போது குடிப்பது என்பதுதான் முக்கியம். ஓடும் முன்னால் மெதுவாக ஏறுவது, சுகர் தாழ்ந்துபோனால் சட்டென்று ஏறுவது. அது எனக்கு முன்பே தெரியும். அன்றைக்கு உதவியது அது இல்லை, கிழமை. புதன்கிழமையாக இருந்திருந்தால் அந்த மனுஷனிடம் என்ன சொல்லி வாயைத் திறக்க வைத்திருப்பேன்? இன்றுவரை எனக்குத் தெரியாது.

அதனால் இப்போது புதிதாகச் சேர வருகிறவர்களிடம் எடையைக் கேட்பதற்கு முன்னால், சுகரைக் கேட்பதற்கு முன்னால், ஒன்று கேட்கிறேன். பிரவீன் தலையில் அடித்துக்கொள்கிறார். அடித்துக்கொள்ளட்டும்.

“எதனா வேண்டுதல் கீதா? இருந்தா இப்பவே சொல்லிடுங்க.”