தொட்டியில் ஊறிய சின்னசாமி

சென்ற மாதம் எங்கள் வீட்டுப் பின்கட்டில் ஒரு டாக்டர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்து முடித்ததும் என்னைத் திட்டினார். இரண்டுக்கும் காரணம் நான்தான்.

சொல்கிறேன், பிள்ளைகளே. தோல் பதனிடும் ஊர்களான ஆம்பூர், பேரணாம்பட்டுப் பிள்ளைகளுக்கு இது சட்டென்று புரியும்.

நாங்கள் பினாங்குக்கு வந்து குடியேறியதிலிருந்து என் பையன் சின்னசாமிக்கு இளைப்பு. ஒரு வாக்கியத்தைத் துண்டு துண்டாகத்தான் பேசுவான். நடுவில் மூச்சு வாங்கும். அவன் தங்கை செல்லத்துக்கோ விட்டு விட்டுக் காய்ச்சல். ஊரில் என்றால் அத்தை, மாமி, அடுத்த வீட்டு பீபி என்று ஆளுக்கொரு கஷாயத்தோடு வந்து நிற்பார்கள். கடல் கடந்த ஊரில் யார் இருக்கிறார்கள்? நானும் என் மனைவி முனியம்மாளும்தான்.

டாக்டர் பையனின் முதுகைத் தட்டிப் பார்த்தார். "இவனுக்கு மார்பு விரிய வேண்டும். கடலில் பிள்ளைகள் நீந்துகிறார்களே, அவர்களோடு விடுங்கள். அதற்கும் குறையவில்லை என்றால், அடுத்த கப்பலில் தாயையும் பிள்ளைகளையும் ஊருக்கு அனுப்பிவிடுங்கள். இந்த ஈரக்காற்று ஆகவில்லை என்று அர்த்தம்" என்றார்.

அதாவது நான் இங்கே, அவர்கள் எங்கள் ஊர் மாதனூரில். பிழைப்பை விட்டுவிட்டு நானும் கப்பலேற முடியுமா?

அடுத்த வீட்டுச் சீனப் பையன் ஆ லெங், சின்னசாமியைக் கையோடு கடலுக்கு அழைத்துப் போனான். இருவருக்கும் பொதுவாக ஒரு பாஷை கிடையாது. தண்ணீருக்குள் பாஷை எதற்கு?

இப்போது கரீம் பாய் வருகிறார். பேரணாம்பட்டுக்காரர். தோல் கிடங்கில் என்னோடு வேலை. பச்சைத் தோலுக்கு உப்புப் போட்டு, மடித்துக் கட்டி, கப்பலுக்கு அனுப்புவது எங்கள் தொழில். ஒருநாள் உப்பை வாரிக்கொண்டே கேட்டார்.

"அண்ணே, புள்ளைய தினம் உப்புத் தண்ணில விடுறியே... தோலுக்கு உப்புப் போட்டா இன்னா ஆவுது?"

"தண்ணியெல்லாம் கக்கிட்டு சுண்டிப் போவுது."

"அப்ப புள்ள தோலு?"

கையிலிருந்த தோலைக் கீழே போட்டேன். "பேஜாராப் போச்சே பாய்! இப்ப இன்னா பண்றது?"

"இதுக்கு யோசனை வேறயா? ஊர்ல இன்னா பண்றோம்? உப்பு எறங்கற வரைக்கும் நல்ல தண்ணில ஊறப் போட்றோம்!"

உண்மைதானே? நம் பக்கத்தில் எந்த உப்புத் தோலாவது தொட்டியில் ஊறாமல் அடுத்த வேலைக்குப் போயிருக்கிறதா? அன்று முதல் சின்னசாமி கடலிலிருந்து வந்ததும் நேரே பின்கட்டுத் தொட்டிக்குள் இறங்கினான். குளிர்ந்த குழாய்த் தண்ணீர், கழுத்துவரை. செல்லம் கடற்கரையில் நின்று காலை மட்டும் நனைத்தவள். அவளுக்குக் கால் மட்டும் ஊறினால் போதும் என்று கரீம் பாய் சலுகை கொடுத்தார்.

"ஏங்க, புள்ளைக்குப் பல்லு கிட்டுது" என்றாள் முனியம்மாள்.

"உப்பு எறங்குது" என்றேன்.

இளைப்பு குறைந்ததா? ஏறியது. நாங்கள் கடலைத் திட்டினோம். முனியம்மாள் பரணிலிருந்து பெட்டியை இறக்கினாள். துணிகளை மடித்து அடுக்கினாள். நடுவில் என் வேட்டி ஒன்றையும் தவறி வைத்துவிட்டு, அப்புறம் அதை மட்டும் எடுத்து வெளியே வைத்தாள். நான் பார்க்காதவன்போல் இருந்தேன்.

அந்தச் சாயங்காலம்தான் டாக்டர் செல்லத்தின் காய்ச்சலைப் பார்க்க வந்தார். நேரே பின்கட்டுக்கு வந்துவிட்டார்.

"இது என்ன?"

"உப்பு எடுக்கிறோம், டாக்டர்" என்றேன், கொஞ்சம் பெருமையாகவே. தொழில் விளக்கமும் கொடுத்தேன்.

சிரிப்பு அடங்கப் பொழுதாயிற்று. பிறகு, "ஐயா, அது உரித்த தோல். இதற்குள்ளே ஒரு பையன் இருக்கிறான்! கடல் இவனை ஒன்றும் செய்யவில்லை. நீங்கள்தான் தினம் குளிரில் விறைக்கவைக்கிறீர்கள். கரையேறியதும் துடைத்துவிட்டு, உலர்ந்த துணி போட்டு, சூடாகக் கஞ்சி கொடுங்கள். கப்பலைப் பற்றி அப்புறம் பேசலாம்" என்றார்.

கரீம் பாயிடம் சொன்னபோது தலையில் கைவைத்துக்கொண்டார். "அட அல்லா! உப்பு எவ்ளோ எறங்கிருக்குதுன்னு நேத்துகூட அந்தத் தண்ணிய நக்கிப் பாத்தேனே!" மறுநாளிலிருந்து அவர் வீட்டுக் கஞ்சி தூக்குப்போணியில் எங்கள் வீட்டுக்கு வந்தது. "வேணாம் பாய்" என்றால், "அபராதம் அண்ணே, வாங்கிக்கோ" என்பார்.

செல்லத்தின் காய்ச்சல் விட்டது. சின்னசாமியின் மூச்சு...? அதைத்தான் சொல்ல வருகிறேன்.

போன சனிக்கிழமை கடற்கரையில் பிள்ளைகளுக்கு நீச்சல் போட்டி. நங்கூரமிட்ட படகைத் தொட்டுவிட்டுத் திரும்ப வேண்டும். கட்டிய பெட்டி இன்னும் வீட்டுக் கதவோரம்தான் இருந்தது. நாங்கள் கரையில் நின்றோம். பிள்ளைகள் போனார்கள், தொட்டார்கள், ஒவ்வொருவராகத் திரும்பினார்கள். கைதட்டல், கூச்சல். ஒரு தலை மட்டும் படகோரத்திலேயே நின்றது.

"ஐயோ, அவன்தாங்க. மூச்சு முட்டுது போல..." முனியம்மாள் என் கையை இறுக்கிக்கொண்டாள். ஆ லெங் மறுபடியும் தண்ணீருக்குள் பாய்ந்தான்.

அப்போது அங்கிருந்து ஒரு சத்தம், அலையைத் தாண்டி:

"நைனா, நான் மெதுவாத்தான் வர்றேன், அம்மாவ அழ வேணாம்னு சொல்லு!"

ஒரே மூச்சில்!

"கேட்டீங்களா?" என்றாள் முனியம்மாள். "எங்கயும் நிறுத்தல... எங்கயுமே நிறுத்தல."

அழ வேண்டாம் என்று அவளிடம் சொல்ல வேண்டிய நானே துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். கடவுளே, டாக்டரே, கரீம் பாயே, ஆ லெங்கே – யாருக்கென்று முதலில் நன்றி சொல்வது? ஊருக்குப் போகும் கப்பல் எங்கள் வீட்டாரை ஏற்றிக்கொள்ளாமலே போய்விட்டது.

போட்டியில் ஜெயித்தது யார் என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள் பிள்ளைகளே – அந்தப் பக்கம் நாங்கள் பார்க்கவே இல்லை.