திலகாவின் ஐம்பத்து நான்கு

என் நாத்தனார் திலகாவுக்கு முப்பத்தாறு வயது. இன்றும் அவள் தட்டில் விழும் மீனுக்கு என் மாமியார் இராஜம்மாதான் முள் எடுத்துக் கொடுப்பார். கல்யாணமாகி ஈஜோக் ஊரில் இந்த வீட்டுக்கு வந்த புதிதில் எனக்கு எரிச்சலாக வரும். "அவளுக்குக் கை இல்லையா?" என்று என் கணவர் பாலனிடம் கேட்டேன். "அவ அம்பத்து நாலு, நித்தியா" என்றார், ஏதோ வீட்டு எண்ணைச் சொல்வதுபோல.

அது திலகாவின் அறிவுத்திறன் எண், ஐ.க்யூ. மாமனார் தோட்ட வேலைக்குப் போய்க்கொண்டிருந்த காலம்; எட்டு வயதில், பள்ளியில் வாயே திறப்பதில்லை என்று அவளை ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருக்கிறார்கள். அங்கே ஓர் அதிகாரி படங்களைக் காட்டி, மலாயில் கேள்வி கேட்டு, எண் போட்டுக் கொடுத்தார். அதன் பிறகு தனி வகுப்பு, மாற்றுத்திறனாளி அட்டை. பெரியவளானதும் கோல சிலாங்கூரில் மூசா பாய் உணவகத்தில் பாத்திரம் கழுவும் வேலை. பதினெட்டு வருஷமாகக் கழுவுகிறாள்.

கழுவிக்கொண்டே எல்லாவற்றையும் காதில் வாங்குவாள். பரிமாறுகிற பையன்கள் மறந்துவிட்டால் உள்ளேயிருந்து குரல் வரும்: "ஏழாம் மேசைக்கு மீ கோரேங், முட்டை வேணாம்." மூசா பாய் இதைக் கவனித்துக்கொண்டே இருந்திருக்கிறார். சுங்கை பெசாரில் புதுக்கடை திறக்கப் போவதாகவும், அங்கே சமையலறைப் பொறுப்பு அவளுக்குத்தான் என்றும் சொன்னார். மாடியில் தங்க அறையும் உண்டு. அன்று திலகா வீட்டுக்கு வந்து சிரித்த சிரிப்பை அதற்கு முன் நான் பார்த்ததே இல்லை.

மறுநாளே மாமியார் பஸ் ஏறிப் போய் அந்த மாற்றுத்திறனாளி அட்டையை மூசா பாய் முன்னால் நீட்டிவிட்டார். "இந்தப் புள்ளைய தனியா விட முடியாது பாய்."

பாய் என்ன செய்வார், பாவம். "தனியா இருக்கலாம்னு டாக்டர்கிட்டேர்ந்து ஒரு பேப்பர் கொண்டா திலகா. மாசக் கடைசி வரைக்கும் எடத்த வச்சிருக்கேன் லா" என்றார்.

அதே வாரம் எங்கள் குடும்ப வாட்ஸ்அப்பில் ஒரு பட்டியல் வந்தது. பிரபலங்களும் அவர்களின் அறிவுத்திறன் எண்ணும். ஐன்ஸ்டைனுக்கு நூற்றறுபதாம். கீழே ஐந்து புதிர்கள். நான் இரண்டாவதிலேயே முழி பிதுங்கி நின்றேன். பயிற்றங்காய் நறுக்கிக்கொண்டிருந்த திலகா எட்டிப் பார்த்து ஐந்துக்கும் விடை சொல்லிவிட்டு, மறுபடி நறுக்க உட்கார்ந்தாள்.

"கெளம்பு, கிள்ளானுக்குப் போறோம்" என்றேன்.

மாமியார் கொதித்துப் போனார். "ஒரு தடவ பாத்தது போதாதா? எதுக்கு மறுபடி நோண்டுற?"  வீம்பு என்று நினைத்தேன். நான் ஒரு மடைச்சி.

கிள்ளானில் உளவியலாளர் குமுதா, தமிழிலேயே பேசி இரண்டு மணி நேரம் சோதித்தார். மறுவாரம் போனபோது ஆஸ்பத்திரியிலிருந்து வரவழைத்த பழைய அறிக்கையையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். புதியதில் நூற்று நான்கு; நூறுதான் சராசரியாம். பழையதில், பெரும்பாலான கேள்விகளுக்குக் குழந்தை பதிலே சொல்லவில்லை என்று எழுதியிருந்தது.

எனக்குச் சந்தோஷத்தில் வாய் நிற்கவில்லை. "ஐன்ஸ்டைனுக்கு நூத்தறுபதாமே?" என்று கேட்டேன்.

"அவரு இந்த மாதிரி டெஸ்ட் எழுதுனதாவே ரெக்கார்ட் இல்லக்கா. யாரோ போட்ட நம்பர்."

சோதனையே எழுதாதவருக்கு நூற்றறுபது. வாய் திறக்காத பிள்ளைக்கு ஐம்பத்து நான்கு. 

காரில் ஏறியதும் கேட்டேன். "ஏன்டி அன்னைக்கு வாயத் தொறக்கல?"

"படத்துல என்னா கொறையுதுன்னு கேட்டாங்க அண்ணி. கதவுக்குக் கைப்பிடி இல்ல, பூனைக்கு ஒரு காது இல்ல. எல்லாந் தெரியும். அம்மா பஸ்ல சொல்லிக்கிட்டே வந்திச்சு, பெரியவங்க முன்னால வாயத் தொறக்காத, தப்பா எதாவது சொல்லிட்டா தோட்டத்துல கணக்கெழுதுற கிராணி அப்பாவ வேலைய விட்டுத் தூக்கிருவாருன்னு. நான் நல்ல புள்ளையா உக்காந்திருந்தேன்."

"அத்தைக்கு அது ஞாபகம் இருக்கா?"

"காய்ச்சல் வந்தா பெனாத்தும் அண்ணி. 'பேசு திலகா, பேசு'ன்னு."

ஈஜோக் வந்து சேர்ந்தோம்.

மாமியார் வாசல் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். காலையிலிருந்து சாப்பிடவில்லை என்று முகமே சொல்லிற்று. "எவ்ளோ?" என்றார்.

நான் பையைத் திறப்பதற்குள் திலகா முந்திக்கொண்டாள். "அதேதாம்மா. அம்பத்து நாலு. மாறவே இல்ல."

அவர் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது. "அப்போ நா ஒண்ணும் கெடுக்கலைல்ல?"

"இல்லம்மா."

எனக்குக் கத்த வேண்டும்போல் இருந்தது. திலகா என் மணிக்கட்டை வலிக்கிற மாதிரி பிடித்திருந்தாள்.

அந்த அறிக்கை என் அலமாரியில் சேலைகளுக்கு அடியில் கிடக்கிறது. பாயிடம் கொடுத்தால் அது எப்படியும் அம்மா காதுக்கு வந்துவிடும் என்கிறாள் திலகா. கெஞ்சியும் பார்த்தேன், திட்டியும் பார்த்தேன். மாசக் கடைசி போயிற்று.

நேற்று சுங்கை பெசார் கடை திறந்தார்கள். பொறுப்பில் வேறொரு பெண். பழைய கடைக்கு விடுமுறை, திலகா வீட்டில் இருந்தாள். மதியம் மாமியார் மீனைப் பிட்டு, முள்ளை ஒவ்வொன்றாக எடுத்து, அவள் தட்டில் வைத்தார்.

"மெதுவா சாப்புடு. முள்ளு கிள்ளு இருக்கப் போவுது."

திலகா நல்ல பிள்ளையாகச் சாப்பிட்டாள்.