பாதி துஆ

என் கணவர் சிவாஜிநகர் ஜவுளிக்கடை ஒன்றில் முப்பது வருடம் வேலை பார்த்தவர். நாள் முழுக்கத் தமிழ், கன்னடம், உருது என்று பேசித் தீர்த்துவிட்டு வருவார். எவ்வளவு களைப்பானாலும் படுக்கும்முன் தூங்கப்போகிற துஆவை, அந்தச் சின்னப் பிரார்த்தனையை, ஓதாமல் இருக்கமாட்டார். வலப்பக்கம் சாய்ந்து, கன்னத்துக்கு அடியில் கையை வைத்து, "அல்லாஹும்ம பிஸ்மிக்க அமூத்து வஅஹ்யா" என்பார். இறைவா, உன் பெயரால் இறக்கிறேன், உயிர் பெறுகிறேன் என்று அர்த்தம். அதன் பிறகு வாய் திறக்கமாட்டார். நான் ஏதாவது கேட்டால் என் கையைத் தட்டிக்கொடுப்பார், அவ்வளவுதான்.

போன வருடம் பக்கவாதம் வந்தது. வலது கையும் பேச்சும் போய்விட்டன. பேச்சுப் பயிற்சி கொடுக்க எங்கள் பிரேசர் டவுன் வீட்டுக்கு ஒரு கன்னடப் பெண் வருவாள்.

"ஆன்ட்டி, மனப்பாடமா தெரிஞ்ச பிரார்த்தனை இருந்தா சேர்ந்து சொல்லுங்க. சில பேருக்கு அது முதல்ல வரும். ஸ்வல்ப... கொஞ்சம் டைம் ஆகும்" என்றாள்.

அன்றிலிருந்து அவரை வலப்பக்கம் திருப்பிப் படுக்கவைத்து நான் ஆரம்பித்துக் கொடுப்பேன். மூன்றாவது வாரம் அவர் குரல் வந்தது. "அ... மூத்து." நான் அழுதுவிட்டேன். அவரும் அழுதார்.

ஆனால் அதற்கு மேல் வரவில்லை. ஒவ்வொரு இரவும் அந்த ஒரு சொல்லிலேயே நின்றார். அடுத்ததை நானே முடித்துவைப்பேன்.

ஒருநாள் படுக்கை விரிப்பை மூன்று தடவை மாற்றியிருந்தேன். இடுப்பு விட்டுப்போயிருந்தது. அவர் "அமூத்து, அமூத்து" என்று திக்கியபோது எனக்குப் பொறுக்கவில்லை.

"சாவுறேன் சாவுறேன்னே சொல்லிட்டிருக்கீங்களே! அதுக்கு மேல ஒரு வார்த்தை வராதா?"

அவர் முகம் கோணியது. இடது கையால் கண்களை மூடிக்கொண்டார்.

மறுநாள் இரவு நான் ஆரம்பித்தபோது உதடுகளை இறுக்கிக்கொண்டார். அதற்கடுத்த நாளும் அப்படித்தான். மன்னிப்புக் கேட்க நினைப்பேன். நாளைக்குக் கேட்கலாம் என்று முழு துஆவையும் நானே ஓதிவிட்டு விளக்கை அணைப்பேன். ஒன்பதாம் நாள் மதியம் லுஹர் தொழுகைக்குப் பிறகு கஞ்சி ஊட்டும்போது தலை சாய்ந்தது. ஆம்புலன்ஸ் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. காதருகே கலிமாவைச் சொல்லிக்கொண்டே இருந்தேன். கேட்டாரோ என்னவோ.

கணவனை இழந்தவள் வீட்டோடு இருக்கவேண்டிய இத்தா நாட்களில் எனக்குத் துணையாக வாணியம்பாடியிலிருந்து மகள் வந்திருந்தாள். பக்கத்தில் படுத்திருந்தவளிடம் நடந்ததைச் சொன்னேன்.

"அத்தா அதையெல்லாம் மனசுல வச்சிருக்கமாட்டாரும்மா."

"வச்சிருந்தாருடி. பக்கத்துலயே இருந்து நான்தானே பாத்தேன்."

அவள் என் முதுகைத் தடவிக்கொண்டே படுத்திருந்தாள்.