ஒண்டு காணும், தம்பி

இதில் நள்ளிரவு இல்லை. நாய் ஊளையிடவில்லை. வெள்ளைச் சேலை கட்டிய பெண்ணும் வரமாட்டாள். வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து, மன்னார் வெயில் மண்டையைப் பிளக்கிற நேரத்தில் என் கண் முன்னால் நடந்தது. ஒரு சொல்லும் கூட்டி எழுதவில்லை. நம்ப முடியாதவர்கள் இந்த இடத்திலேயே நிறுத்திவிடலாம், எனக்குக் கோபம் வராது. எனக்கும் நம்பாமல் இருக்கத்தான் விருப்பம்.

என் பெயர் பவ்ஸான். மன்னார் பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் கணினி திருத்தும் கடை வைத்திருக்கிறேன். களவு மென்பொருள் போட்டுக் கொடுக்க மாட்டேன். எல்லாம் கட்டற்ற மென்பொருள்தான். அதன் உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று யாரும் திறந்து பார்க்கலாம், உளவு பார்க்கிறவன் ஒளிந்திருக்க இடமில்லை என்று வருகிறவர்களின் காது புளிக்கும்வரை சொல்வேன். "கணினி திருத்த வாறவங்க பயான் கேட்டுட்டுப் போறாங்க" என்று என் பேச்சைப் பள்ளிவாசல் பிரசங்கமாக்கி என் மனைவி இன்ஷிரா கேலி செய்வாள். பேய், பிசாசு என்றால் சிரிப்பேன். பனங்காட்டு நரி சலசலப்புக்கு அஞ்சாது என்று பீற்றிக்கொண்டு திரிந்தவன் நான். அந்த நரி இப்போது பகலிலும் கடையில் தனியாக இருப்பதில்லை.

சிவலட்சுமி அம்மா பாப்பாமோட்டையிலிருந்து வந்தார். கையில் ஒரு பழைய மடிக்கணினி. அவருடைய மகள் யதுர்சிகா படிக்கிற காலத்தில் நான்தான் அதில் எல்லாம் நிறுவிக் கொடுத்திருந்தேன். மின்சாரம் போய்ப் போய் வந்ததில் கோப்பு முறைமை குழம்பி, இப்போது திறக்க மறுத்தது.

"தம்பி, இதுக்குள்ளதான் அவன்ர முகம் இருக்கு."

அவன் என்றால் மூத்த மகன் சுகந்தன். போர்க் காலத்தில் ஒருநாள் மன்னாருக்கென்று பஸ் ஏறியவர். வழியில் இறக்கிக்கொண்டு போனதாகச் சொன்னார்கள். இறக்கியது யார் என்று ஒருவரும் சொல்லவில்லை. இடம்பெயர்ந்ததில் வீட்டுப் படங்கள் எல்லாம் அழிந்து ஒன்றே ஒன்று மிஞ்சியது. அதைப் பிடித்துக்கொண்டு அந்த அம்மா வருடக்கணக்காக வீதியோரப் போராட்டங்களில் இருந்தார். வெயிலிலும் மழையிலும் வெளுத்து முகம் போய்விட்டது. என்னிடம் காட்டினார். பிளாஸ்டிக் உறைக்குள் ஒரு மஞ்சள் தாள் மட்டும் இருந்தது.

மகள் முன்பே அந்தப் படத்தை ஸ்கான் செய்து கணினியில் வைத்திருந்தாள். யாராவது கண்டால் சொல்லட்டும் என்று முகநூலிலும் போட்டாள். அங்கேதான் வினை வந்தது. முன்பின் தெரியாத எவனோ சுகந்தனின் முகத்தைத் தன் முகமாக வைத்து ஒரு கணக்குத் தொடங்கிவிட்டான். பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி எரியும். மகன் எங்கேயோ இருக்கிறான், பேசத்தான் பயப்படுகிறான் என்று நம்பி அந்த அம்மா பல மாதம் அந்தப் பச்சைப் புள்ளியைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார். பிறகு அது பொய்யென்று தெரிந்தது. யதுர்சிகா முறைப்பாடு செய்து இணையத்திலிருந்து எல்லாவற்றையும் நீக்க வைத்தாள்.

"வெளியில போகக்கூடாது தம்பி. ஒருத்தருக்கும் அனுப்பிப்போடாதேங்கோ. கனக்கப் பிரதி எடுக்கவும் வேண்டாம். ஒண்டு காணும்."

"ஓம் அம்மா. இந்தக் கடையை விட்டுப் போகாது" என்றேன். இடது புருவத்தில் ஒரு வெட்டுத் தழும்பு இருக்கும், அதை வைத்து அடையாளம் காணலாம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

வெள்ளிக்கிழமை. ஜும்ஆ முடித்து வந்து கடையைப் பாதி திறந்தேன். தென்மேற்கிலிருந்து வீசும் சோழகக் காற்று மணலை வாரிக் கதவில் அடித்துக்கொண்டிருந்தது. சந்தில் இரண்டு கழுதைகளைத் தவிர ஒருவருமில்லை. மடிக்கணினியின் வன்வட்டைக் கழற்றி என் கணினியில் பூட்டிச் சரிபார்க்கும் நிரலை ஓடவிட்டேன். வட்டு லேசாகச் சத்தம் போட்டது. டிக்… டிக்… டிக்…

கோப்பு முறைமை குழம்பினால் பொருள் வட்டில் கிடக்கும், அது யாருடையது, என்ன பெயர் என்பது மட்டும் அழிந்துவிடும். அப்படி ஆளில்லாமல் கிடப்பவற்றை நிரல் பொறுக்கி ஒரு தனி அடைவில் போடும். காணாமற்போனவையும் கண்டெடுத்தவையும் என்று அந்த அடைவுக்குப் பெயர். அந்தப் பெயரைச் சிவலட்சுமி அம்மாவிடம் சொல்ல எனக்கு நா எழவில்லை.

ஒரேயொரு கோப்பு கிடைத்தது. பெயரில்லை, எண் மட்டும். திறந்தேன்.

வெள்ளைச் சட்டை போட்ட இளைஞன். கடற்கரை. பக்கத்தில் நீல வள்ளம், அதன் சிவப்பு விளிம்பில் வலது கையை ஊன்றி நேராக என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான். பின்னால் பனைகள், அவற்றுக்கு மேலே கோயில் சிலுவை. இடது புருவத்தில் வெட்டு.

சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது. உடனே போன் எடுத்தேன். "அம்மா, முகம் கிடைச்சிட்டுது." "அடுத்த பஸ்ஸில வாறன் தம்பி" என்றார்.

ஒன்று போதும் என்று அவர் சொன்னது நினைவில்தான் இருந்தது. ஆனால் சாகக் கிடக்கிற வட்டில் ஒற்றைப் பிரதியை நம்பி விடுகிறவனை என் தொழிலில் மடையன் என்பார்கள். கடைக்குள்ளேயே வைத்துக்கொண்டால் யாருக்குத் தெரியும் என்று என் வட்டுக்கு ஒரு பிரதி எடுத்தேன். பழுதான வட்டிலிருந்து அது வந்து சேர அரை மணி நேரத்துக்கு மேல் ஆனது.

பிரதி சரியா என்று பார்க்க ஒரு வழி உண்டு. ஒவ்வொரு கோப்புக்கும் மனிதனின் கைரேகை மாதிரி ஒரு நீண்ட எண் இருக்கும். படத்தில் ஒரு புள்ளி மாறினாலும் எண் அடியோடு மாறிவிடும். இரண்டையும் ஒப்பிட்டேன். ஒரே எண். பிசகில்லை.

படத்தைத் திறந்தேன்.

கை வள்ளத்தில் இல்லை. தொங்கிக்கொண்டிருந்தது.

முதலில் நான்தான் சரியாகப் பார்க்கவில்லை போலும் என்று நினைத்தேன். பசி மயக்கம். இன்னொரு வட்டில் இரண்டாவது பிரதி எடுத்தேன். எண் அதேதான். படத்தைத் திறந்தேன்…

அவன் பக்கவாட்டில் நின்றான்.

மூலப் படத்தைத் திறந்தேன். அதிலும் பக்கவாட்டில்தான் நின்றான். முதல் பிரதியிலும் அப்படித்தான்.

எண் மட்டும் மாறவில்லை.

அந்த நேரம் பார்த்து மின்சாரம் போனது. மின்விசிறி மெல்ல மெல்ல நின்றது. மேசைக்குக் கீழே மின்சேமிப்புப் பெட்டி கத்தத் தொடங்கியது. பீப்… பீப்… திரை மட்டும் எரிந்துகொண்டிருந்தது.

பிரதி எடுக்க எடுக்க அவன் விலகிப் போகிறான், இனிப் பிரதி எடுப்பதில்லை என்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். வாய்க்குள் காவலுக்கு ஆயத்துல் குர்ஸி ஓதினேன். பிறகு மெதுவாக மூலப் படத்தைத் திறந்தேன்.

அவன் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். கால்கள் தண்ணீரில்.

நான் பிரதி எடுக்கவில்லையே!

அப்போதுதான் உறைத்தது. என் வட்டில் எது புதிதாக விழுந்தாலும் எருக்கலம்பிட்டியில் வீட்டிலுள்ள கணினிக்குத் தானாகப் போகும். பூட்டிய பெட்டி மாதிரித்தான் போகும், வழியில் யாராலும் திறக்க முடியாது. நானே எழுதிய நிரல். அந்தப் பெருமையில் அதை மறந்தே போயிருந்தேன்.

இணைய வயரைப் பிடுங்கினேன். படத்தைத் திறந்தேன்.

முழங்கால்வரை தண்ணீர்.

வீட்டுக் கணினி தன் இரண்டாவது வட்டுக்கும் பிரதி எடுக்கும். அதற்கு இந்த வயர் தேவையில்லை. இன்ஷிராவுக்குப் போன் எடுத்தேன்.

"கம்ப்யூட்டரை நிப்பாட்டு!"

"என்ன நடந்த?"

"நிப்பாட்டு! சுவிட்சை அடி!"

"அடிச்சிட்டன். ஏன் இப்பிடிக் கத்துறீங்க?"

படத்தைத் திறந்தேன்.

இடுப்புவரை.

பீப்… பீப்… பீப்…

மூடவில்லை. எதையும் தொடவில்லை. கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

நெஞ்சுவரை…

"தம்பி, நில்லுங்கோ!" வாய்விட்டுக் கத்திவிட்டேன். "அம்மா வாறா… நில்லுங்கோ…"

அவன் நின்றான்.

கழுத்தைத் திருப்பினான்.

என்னைப் பார்க்கவில்லை. என் தோளுக்கு மேலால்… வாசலைப் பார்த்தான்.

திரும்பினேன். வாசலில் சிவலட்சுமி அம்மா நின்றுகொண்டிருந்தார். குடைகூடப் பிடிக்கவில்லை.

மறுபடி திரைக்குத் திரும்பியபோது கடல் மட்டும் இருந்தது. நீல வள்ளம். பனைகள். சிலுவை.

பெட்டி நீளமாக ஒருமுறை கத்தியது. திரை அணைந்தது.

அம்மா கதிரையைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தார். அழவில்லை.

"கண்டிட்டன் தம்பி" என்றார். கொஞ்சம் கழித்து, "அது எந்தக் கரை?"

பனைகளையும் சிலுவையையும் வைத்து எனக்கு இடம் தெரிந்திருந்தது. "தாழ்வுபாடு அம்மா."

தலையை ஆட்டிவிட்டு எழுந்து போனார். மின்சாரம் வந்த பிறகு வட்டைப் பார்த்தேன், அது செத்துவிட்டது. என்னிடமிருந்த பிரதிகளில் வெறும் கடல். எண் மட்டும் இன்றைக்கும் அதே எண்தான்.

அடுத்த நாள் யதுர்சிகா வவுனியாவிலிருந்து பேசினாள். நடந்ததையெல்லாம் சொன்னேன்.

"பவ்ஸான் அண்ணா, நான்தான் அதை ஸ்கான் பண்ணினனான். அது ஸ்டூடியோவில எடுத்த படம். பின்னால நீலத் திரை, படம் கழுத்தோட நிண்டிடும். எங்கட அண்ணா கடற்கரையில ஒரு படமும் எடுத்ததில்லை."

ஞாயிற்றுக்கிழமை சிவலட்சுமி அம்மாவுடன் தாழ்வுபாட்டுக்குப் போனேன். வேண்டாமென்று மனம் சொன்னாலும் அவரைத் தனியே விட முடியவில்லை. கோயிலைத் தாண்டிக் கரையில் இறங்கியதும் அந்த வள்ளம் நின்றது. நீலம், சிவப்பு விளிம்பு. சொந்தக்காரர் றெனால்ட் வலையில் சிக்கெடுத்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, இது எப்ப வாங்கின வள்ளம்?"

"போன மாசந்தான் இறக்கினது. பாருங்கோ, பெயின்ற் காய முந்தி ஆரோ கைய வைச்சிட்டாங்கள். பொடியள் எண்டு ஏசினனான்."

சிவப்பு விளிம்பில் ஒரு வலது கை பதிந்திருந்தது. ஐந்து விரலும் துலக்கமாக. படத்தில் அவன் கை ஊன்றியிருந்த அதே இடம்.

அந்த அம்மா அதன்மேல் தன் உள்ளங்கையை வைத்தார். எடுக்கவேயில்லை. இத்தனை வருடமாக மரணச் சான்றிதழ் தருகிறோம் என்று அரச கந்தோர் அதிகாரிகள் கூப்பிட்டபோதெல்லாம் வாங்க மறுத்தவர். அன்றைக்குத்தான் அவர் அழுததைப் பார்த்தேன். நானும் அழுதேன். இதையாவது காப்பாற்றிக் கொடுப்போம் என்று போனை வெளியே எடுத்தேன்.

"வேண்டாம் தம்பி. ஒண்டு காணும்."

போனைச் சட்டைப்பைக்குள் வைத்துவிட்டேன்.

அதன் பிறகு அவர் கிழமைக்கு இரண்டு முறையாவது பஸ் ஏறி வந்து அந்த வள்ளத்தோடு இருந்துவிட்டுப் போனார். கடற்கரையில் ஒரு கிழவி வள்ளத்தில் கை வைத்துக்கொண்டு இருந்தால் ஊர் சும்மா இருக்குமா? யாரோ அந்தக் கையைப் படம் எடுத்து முகநூலில் போட்டுவிட்டார்கள். ‘பிள்ளையின் கை’ என்று தலைப்பு வேறு. கெட்ட எண்ணத்தில் போட்டிருக்க மாட்டார்கள். நான் பார்த்தபோது ஆயிரக்கணக்கானோர் பகிர்ந்திருந்தார்கள். போட்டவரைக் கெஞ்சி எடுக்க வைத்தேன். அதற்குள் வாட்ஸ்அப்பில் லண்டன், கனடா எல்லாம் போய்விட்டது. எந்த வயரைப் பிடுங்குவது?

போன வெள்ளிக்கிழமை தாழ்வுபாட்டுக்குப் போனேன். வெயில் அதே வெயில். அந்த அம்மா குனிந்து வள்ளத்தின் விளிம்பில் அந்தக் கைப்பதிவைத் தடவிக்கொண்டிருந்தார். பெயின்ற் எங்கும் உரியவில்லை, புதிதாகப் பூசவும் இல்லை. என்னைக் கண்டதும் நிமிர்ந்தார்.

"தம்பி, இதில சுண்டுவிரல் இருந்தது எல்லோ?"